ஆயா சொன்னது காதில் விழவில்லையா?

கேள்வி: சயாம் மரண ரயில் பற்றிய ஒரு படத்தைப் போன வாரம் மொபைலில் பார்த்தேன். உண்மைக் கதையாம். அழுதழுது முகமே வீங்கிவிட்டது. அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. "சினிமாவுக்குப் போய் இப்படி அழுவாங்களா?" என்று கணவர் கிண்டல் செய்கிறார். படம் ஓடும்போது அவருடைய ஆயா வேறு, "எங்க நைனாவும் அந்த ரயிலு போடத்தான் போனாரு" என்று கட்டிலில் படுத்தபடி தொணதொணத்தார். ஹெட்செட் மாட்டிக்கொண்டுதான் பார்க்க முடிந்தது. எனக்கு மனசு பலவீனமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்.

பதில்: ஹெட்செட் மாட்டிக்கொண்டதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. ரயில் பாதை போடப் போய்த் திரும்பாத கூலிக்காரராக நடித்தவரைப் பார்த்து அழுதிருக்கிறீர்கள். அப்படிப் போனவரின் சொந்த மகள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு வாய் திறந்தபோது காதை அடைத்துக்கொண்டீர்கள்.

உளறல் என்று நினைத்தீர்களோ? நம் வட ஆற்காட்டிலிருந்து, ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி பின்னால் மலேயா ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்தான். தோட்டங்களில் சோற்றுக்கு வழியில்லாமல் கிடந்தவர்களை ஆசை காட்டியும் பிடித்துக்கொண்டும் போய்க் காட்டில் விட்டார்கள். சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 1942இல் தொடங்கி 1943இல் முடித்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை அது. மழைக்காலத்தில் காலரா வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அதே வேலையில் செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களில் பெரும்பாலானவர்களின் பெயரைக்கூட யாரும் எழுதிவைக்கவில்லை. அந்த நைனாவின் பெயர் இன்று ஆயாவின் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

ஆயாவுக்கு எண்பது தாண்டியிருக்கும். அப்பா முகம் நினைவிருக்குமோ என்னவோ. மணியார்டர் நின்றுபோன பிறகு, தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவருடைய அம்மா எத்தனை வருடம் தவித்தாரோ! உங்கள் படத்தில் அதைக் காட்டினார்களா?

வேளாவேளைக்குக் கஞ்சியும் மாத்திரையும் கொடுத்துவிட்டால் பெரியவர்களைப் பார்த்துக்கொண்டதாக ஆகிவிடாது. அவர்கள் பேசும்போது பக்கத்தில் உட்காருவதும் கடமைதான். கிண்டல் செய்த உங்கள் கணவர் உங்களைவிட அதிகமாக வெட்கப்பட வேண்டும். போனவர் அவருடைய கொள்ளுத்தாத்தா.

இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஆயா பக்கத்தில் உட்காருங்கள். அதே மொபைலில் ரெக்கார்டரைப் போடுங்கள். நைனா பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி கூட்டிப்போனார், கடைசிக் கடிதம் எப்போது வந்தது, கூடப் போன ஊர்க்காரர் யாராவது திரும்பி வந்து சேதி சொன்னாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சொன்னதையே திரும்பச் சொன்னாலும் குறுக்கே பேசாதீர்கள். பரண்மேல் பழைய தகரப்பெட்டி இருந்தால் இறக்கிப் பாருங்கள். அப்புறம், செத்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் திதி கொடுப்பது வழக்கம். இவருக்கு இதுவரை யாராவது கொடுத்தார்களா என்று ஆயாவிடமே கேளுங்கள். இல்லையென்றால் இந்த வருடம் உங்கள் கணவர் கொடுக்கட்டும்.

இவ்வளவையும் செய்த பிறகும் தூக்கம் வரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.