பித்தப்பையே இல்லை, கல் எங்கிருந்து வந்தது?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது கண் மஞ்சளாகி, குளிர்க்காய்ச்சலும் வருகிறது. ரத்தத்தில் பிலிருபின் (காமாலையில் கூடும் மஞ்சள் நிறமி) 6. ஸ்கேனில் பித்தநாளம் 13 மி.மீ., கல் தெரியவில்லை. கீழாநெல்லி கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இன்றே மருத்துவமனையில் சேருங்கள். காமாலையோடு குளிர் நடுக்கமும் சேர்ந்தால், அடைபட்ட பித்தநாளத்தில் கிருமி புகுந்துவிட்டது என்றே முதலில் எண்ண வேண்டும். பத்தியம் இருந்து பார்க்கும் நாட்களில்தான் அது ரத்தத்தில் கலக்கிறது. வயதானவர்களுக்கு வலியே இல்லாமலும் போகலாம். பேச்சு குழறினாலோ, ரத்த அழுத்தம் இறங்கினாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

பையை எடுத்தாலும் கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் குழாய் அப்படியேதான் இருக்கிறது. அறுவைக்கு முன்பே அதில் நழுவி விழுந்த கல், பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தொல்லை தரும். அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் குழாயிலேயே பித்தநீர் தேங்கி உருவானது. பழுப்பாக, நசுக்கினால் உதிரும் களிமண் போல இருக்கும்.

ஸ்கேனில் தெரியாததால் கல் இல்லை என்று ஆகாது. குழாயின் கீழ்முனையைக் குடலிலுள்ள வாயு மறைத்துவிடும். பை எடுத்தவர்களுக்கு 10 மி.மீ. வரை அகலம் இயல்பாகவே இருக்கலாம். 13 மி.மீ.யும், 4-க்கு மேற்பட்ட பிலிருபினும், காய்ச்சலும் சேர்ந்திருப்பதால் மருத்துவர் நேராக இ.ஆர்.சி.பி. (எண்டோஸ்கோப் மூலம் பித்தநாளக் கல்லை எடுக்கும் சிகிச்சை) செய்யச் சொல்லலாம்.

பித்தநீர் குடலுக்கு வராதபோது வைட்டமின் கே உடலில் சேராது, ரத்தம் உறைவது தாமதமாகும். அதனால் முதலில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) பார்ப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை சாப்பிட்டால் மறக்காமல் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். வாய் வழியாகக் குழாய் செலுத்தி, பித்தநாளத் திறப்பைச் சிறிது வெட்டி, பலூனாலோ கம்பிக்கூடையாலோ கல்லை இழுப்பார்கள். நூற்றில் மூன்று முதல் பத்துப் பேருக்குக் கணைய அழற்சி வரலாம். அதைக் குறைக்க ஆசனவாயில் 100 மி.கி. டைக்ளோஃபெனாக் அல்லது இண்டோமெதாசின் வைப்பது வழக்கம். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே தெரிவியுங்கள். பிறகு முதுகுக்குப் பரவும் வயிற்று வலியோ, கறுப்பு மலமோ வந்தால் உடனே திரும்பி வாருங்கள்.

கிருமித் தொற்று கடுமையாக இருந்தாலோ, கல் பெரிதாக இருந்தாலோ முதலில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் (பித்தநீர் வடிய நாளத்துக்குள் வைக்கும் சிறு குழாய்) மட்டும் வைத்து அனுப்புவார்கள். காமாலை இறங்கியதும் பலர் அதை மறந்தே போகிறார்கள். சில மாதங்களில் அதுவே அடைத்து, அதைச் சுற்றிக் கல் படிந்து, பழைய காய்ச்சல் திரும்பும். வைத்த தேதியை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள். மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும்.