வீதி வருகுதாம், எங்கே போய்ச் சொல்வது? – திருகோணமலைக் கேள்வி பதில்

வீதித் திட்டங்களில் நில அளவையோடும் சுற்றாடல் அறிக்கைகளோடும் பல வருடம் மாரடித்தவன் என்பதால் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். சரி, பார்ப்போம்.

கிண்ணியா: எங்கள் பக்கம் 4 கிலோமீட்டருக்குப் புது வீதி போடப் போகிறார்களாம். சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமா?

நீளத்தை மட்டும் பார்த்தால் இல்லை. இந்த மதிப்பீடு என்பது வேலை தொடங்குமுன் சுற்றாடலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று ஆராயும் அறிக்கை. எந்தத் திட்டங்களுக்கு அது தேவை என்று பட்டியலிடும் 1993 வர்த்தமானியில் இருப்பது 10 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தேசிய, மாகாண நெடுஞ்சாலைகள். ஆனால் 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்பினாலும், 1 ஹெக்டேயருக்கு மேல் காடு அழித்தாலும் அதே வர்த்தமானி பிடிக்கும். கரையிலிருந்து 300 மீட்டருக்குள் வந்தால் கரையோரச் சட்டத்தின் அனுமதி வேறு. கிண்ணியா என்கிறீர்கள், முதலில் அதைத்தான் பாருங்கள்.

தம்பலகாமம்: அண்ணை, எங்கள் வீதியின் மதிப்பீட்டு அறிக்கையைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். வயல்காரன் நான் என்ன எழுதுவது?

தம்பி, கருத்துச் சொல்ல 30 நாள்தான் தருவார்கள், இன்றைக்கே எழுதுங்கள். "சூழல் பாதிக்கப்படும்" என்று மட்டும் எழுதினால் அது கோப்புக்குள் தூங்கும். மாரியில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்த மதகால் வடிகிறது, எத்தனை நாள் நிற்கிறது, இதை எழுதுங்கள். ஒருமுறை வரைபடத்தில் ஒரேயொரு குழாய் மதகு போட்டிருந்த இடத்தில் ஒரு ஐயா என்னைக் கையைப் பிடித்துத் தன் வாடிக்குக் கூட்டிப் போனார். சுவரில் போன மாரியின் சேற்றுக்கோடு. நாடாவைப் பிடித்தேன், மூன்று அடி. வரைபடம் கீறியவர் கோடையில் வந்து பார்த்திருக்கிறார்! அந்தச் சுவரைப் படமெடுத்து, அளவையும் எழுதிக் கருத்தோடு அனுப்பினோம். குழாய் போய்ப் பெட்டி மதகு வந்தது. உங்கள் வாய்க்காலையும் அப்படியே படமெடுங்கள்.

மூதூர்: சேர், எங்களுக்கு ஆரம்ப சுற்றாடல் பரீட்சை மட்டும்தானாம். கருத்துச் சொல்லலாமா?

அது முழு மதிப்பீட்டை விடச் சுருக்கமான முதற்கட்ட ஆய்வு. தேசிய சுற்றாடல் சட்டத்தின் 2000 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் கட்டாயக் கருத்துக்காலம் கிடையாது. ஆனால் அது பொது ஆவணம், கேட்டு வாங்கலாம். வாங்கிப் படித்துவிட்டுக் கடிதம் போடுங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள்.

நிலாவெளி: அங்கீகாரம் கிடைத்த பிறகு வீதியின் தடத்தை மாற்றினால்?

தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் அதுதான் நடந்தது. மதிப்பீட்டில் இல்லாத தடத்தில் காணி போனவர்கள் வழக்காடினார்கள். அவர்களைக் கேட்காமல் மாற்றியது பிழையென்று 2004இல் உயர் நீதிமன்றம் சொல்லி, நஷ்டஈடும் கொடுக்க வைத்தது. ஆனால் வீதி அந்தத் தடத்திலேயே போனது.

கிண்ணியா: இப்படி ஒவ்வொன்றுக்கும் அறிக்கை கேட்டிருந்தால் எங்கள் பாலமே வந்திருக்காதே?

பாலம் வருமுன் நானும் மிதவைப் பாதைக்கு வெயிலில் வரிசை நின்றவன்தான். 2009இல் பாலம் திறந்தபோது சந்தோசப்பட்டவர்களில் ஒருவன். பாலம் வேண்டாமென்று யார் சொன்னது? தண்ணீர் போக இடம் விட்டுத் தூணை ஊன்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்.