தவளை நீச்சல் கொஞ்சம் பொறுக்கட்டும்

கேள்வி: எனக்கு 62 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. தேய்மானத்தால் இடது இடுப்பு மூட்டை மாற்றி 11 வாரம் ஆகிறது. கைத்தடி இல்லாமல் நடக்கிறேன். சின்ன வயதில் காவிரியில் நீந்தக் கற்றவள். கடந்த ஆறு வருடமாகக் காலையில், பெண்களுக்கான நேரத்தில் நீச்சல் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். “மூணு மாசம் ஆனதும் நீந்தலாம்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மகனோ, “உள்ளே இருக்கிற இரும்பு தண்ணியில துருப்பிடிச்சிடும், வேண்டாம்மா” என்கிறான். எனக்குத் தெரிந்தது தவளை நீச்சல் மட்டும்தான். குளத்தில் இறங்கலாமா? ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் முங்கலாமா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: அன்புள்ள அம்மா, முதலில் உங்கள் மகனின் பயத்தைப் போக்கிவிடுவோம். மூட்டுக்குள் இருப்பது நம் வீட்டு ஜன்னல் கம்பி போன்ற இரும்பு அல்ல. தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு பெரும்பாலும் டைட்டானியக் கலவை. அதன் உச்சியில் உள்ள உருண்டை, செராமிக்கிலோ கோபால்ட் குரோம் என்ற உலோகக் கலவையிலோ செய்தது. அந்த உருண்டை உட்காரும் கிண்ணத்தின் உள்ளுறை பெரும்பாலும் ஒரு வகை பிளாஸ்டிக். எப்போதும் உப்பு கலந்த உடல்நீரிலேயே ஊறிக் கிடப்பதற்காகச் செய்யப்பட்டவை இவை. குளத்துத் தண்ணீர் அங்கே போய்ச் சேருவதும் இல்லை. தழும்பு முழுவதும் மூடி, பொருக்கு உதிர்ந்து, கசிவில்லாமல் காய்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஓர் ஊசிமுனை அளவு திறந்திருந்தாலும் இறங்க வேண்டாம். செயற்கை மூட்டில் கிருமி குடியேறிவிட்டால் அதை விரட்டுவது மிகவும் கடினம்.

இனி உங்கள் கேள்வி. நீந்தலாம். ஆனால் உங்களுக்குத் தெரிந்த அந்த ஒரு நீச்சலை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

தவளை நீச்சலில் கால் என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முழங்காலை மடக்கி வயிற்றை நோக்கி இழுக்கிறோம், தொடையை அகட்டுகிறோம், பாதத்தை வெளியே தள்ளித் தொடையை உள்பக்கமாகத் திருகி உதைக்கிறோம். குத்துக்கால் வைத்து உட்காராதீர்கள், இடுப்பைத் 90 டிகிரிக்கு மேல் மடக்காதீர்கள், காலை உள்பக்கம் திருப்பாதீர்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள் அல்லவா? அவற்றில் பலதும் இந்த ஒரே உதையில் வந்துவிடுகின்றன. பின்பக்கமாகத் திறந்து மூட்டு மாற்றியவர்களுக்கு உருண்டை கிண்ணத்தை விட்டு நழுவுவது இப்படிப்பட்ட அசைவில்தான். முன்பக்கமாகத் திறந்திருந்தால் தவிர்க்க வேண்டிய அசைவுகள் வேறு.

அதனால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது “நீந்தலாமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எந்தப் பக்கமாகத் திறந்தார் என்று கேளுங்கள். பிறகு பரிசோதனைக் கட்டிலில் படுத்து, நல்ல காலால் உங்கள் தவளை உதையைச் செய்துகாட்டி, “இதை இடது காலால் எப்போது செய்யலாம்?” என்று கேளுங்கள். ‘நீச்சல்’ என்றதும் அவர் மனதில் வருவது வேறு நீச்சலாக இருக்கலாம்.

அதுவரை என்ன செய்வது? நடங்கள். தண்ணீரில் நடப்பதை நீச்சல் தெரியாதவர்களின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இடுப்பளவு நீரில் நின்றால் உங்கள் எடையில் ஏறக்குறைய பாதிதான் காலில் இறங்கும். நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு. நெஞ்சளவு நீரில் பத்து நிமிடம் முன்னும் பின்னும், பிறகு நண்டு மாதிரி பக்கவாட்டிலும் நடங்கள். நொண்டல் போவதற்குப் பக்கவாட்டு நடைதான் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. இடுப்பின் பக்கத் தசை வலுப்பட்டால்தான் நடையில் சாய்வு மறையும். தண்ணீரில் உடம்பு லேசாக இருப்பதால் அளவு தெரியாமல் செய்துவிடுவோம். மறுநாள் காலையில் தொடை இடுக்கில் வலி இருந்தால், முந்தின நாள் செய்தது அதிகம்.

அது பழகியதும் மல்லாந்து மிதக்கப் பழகுங்கள். கால்களை நீட்டி, இடுப்பிலிருந்து சின்னச் சின்னதாக அடித்தால் போதும். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மிதந்தவர்கள் எழுந்து நிற்க முழங்கால்களை நெஞ்சுக்கு இழுப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது. சுவரோரமாகவே மிதந்து, கம்பியைப் பிடித்து, கால்களை மெல்லக் கீழே இறக்குங்கள். முதல் சில நாள் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். சுவரை உதைத்துத் திரும்புவது, டைவ் அடிப்பது எல்லாம் வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், எனக்குப் பயம் தண்ணீரை நினைத்தல்ல, குளத்துக்கு வெளியே உள்ளவற்றை நினைத்துத்தான். சுவரில் செங்குத்தாகப் பொருத்திய ஏணி மட்டும் உள்ள குளத்துக்கு இப்போது போகாதீர்கள். அடிக்கம்பியில் கால் வைக்கவே முழங்காலை உயரத் தூக்க வேண்டியிருக்கும். அகலமான படியும் கைப்பிடியும் உள்ள குளமாகப் பாருங்கள். இறங்கும்போது இடது கால் முதலில், ஏறும்போது வலது கால் முதலில். ஈரத் தரையில் வழுக்காத ரப்பர் செருப்பு வேண்டும்.

உடை மாற்றும் அறையை யாரும் சொல்வதில்லை. தொடையோடு ஒட்டிக்கொண்ட ஈர நீச்சலுடையைக் குனிந்து இழுக்கும்போது இடுப்பு மடங்கி, காலும் உள்ளே திரும்பும். உயரமான நாற்காலியில் உட்காருங்கள். போடும்போது இடது காலில் முதலில், கழற்றும்போது இடது காலில் கடைசியில். பாதத்தருகே இழுக்கத் தோழி ஒருவரைக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், காய்ச்சலோடு தழும்பு சிவப்பது, சட்டென்று பெருவலி வந்து கால் குட்டையாகித் திரும்பிக்கொள்வது – இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காவிரி... இந்த ஆடிக்கு வேண்டாம் அம்மா. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் அம்மா மண்டபத்தில் இழுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படித்துறைப் பாசியும் ஆடிப்பெருக்குக் கூட்டத்தின் நெரிசலும் சேர்ந்தால் நல்ல இடுப்புக்காரர்களே தடுமாறுவார்கள். தாழ்ந்த படியில் உட்கார்வதும் உங்களுக்கு இப்போது ஆகாது. கூட்டம் குறைந்த நேரத்தில் போய், காய்ந்த மேல்படியில் கைப்பிடியைப் பிடித்து நில்லுங்கள். மகன் இறங்கிப் போய் ஒரு சொம்பில் மொண்டு வந்து உங்கள் தலையில் ஊற்றட்டும்.