துளை போடாம ஐஸ் கனத்தை எப்படி அளக்குறாங்க?

கேள்வி: அண்டார்டிகாவுல சில இடத்துல ஐஸ் 4 கிலோமீட்டருக்கு மேல கனமாமே, அதை எப்படி சார் கண்டுபிடிக்கிறாங்க?

பதில்: ரெண்டு உயரம் தெரியணும்ங்க, ஐஸோட மேல்மட்டம், அடியில இருக்குற பாறை. ஒண்ணுல இருந்து இன்னொண்ணைக் கழிச்சா கனம் வந்துடும்.

மேல்மட்டத்துக்கு சாட்டிலைட் போதும். நாசா 2018-ல அனுப்பின ஐஸ்சாட்-2 சுமார் 500 கிலோமீட்டர் உயரத்துல இருந்து செகண்டுக்கு 10,000 தடவை பச்சை லேசரை அடிக்குது, ஒவ்வொரு தடவையும் கோடானுகோடி ஃபோட்டான் (ஒளித்துகள்) கிளம்பினாலும் திரும்பி வந்து மாட்டுறது ஏதோ ஒரு பத்துப் பன்னெண்டுதான், அதுங்க போய்வந்த நேரத்தை வச்சே உயரத்தைக் கணக்குப் போட்டுடுறாங்க, எனக்கு இது இன்னைக்கும் பிரமிப்பா இருக்கு!

ஆனா லேசர் அடிவரைக்கும் போகாது. அதுக்கு ரேடார். அந்தக் காலத்துல கிரீன்லாந்து மேல பறந்த விமானங்கள்ல, ரேடியோ அலையை அனுப்பி உயரம் பார்க்குற ஆல்டிமீட்டர் தப்புத் தப்பா உயரம் காட்டியிருக்கு, பார்த்தா ரேடியோ அலை ஐஸுக்குள்ள புகுந்துபோய் எதிரொலிச்சிருக்கு. ஆபத்தா இருந்த அந்தக் கோளாறே அப்புறம் அளவுகோலா ஆயிடுச்சு. ஐஸுக்குள்ள ரேடியோ அலை மைக்ரோசெகண்டுக்கு (செகண்டுல பத்து லட்சத்துல ஒரு பங்கு) சுமார் 168 மீட்டர் போகும், அப்போ போய்த் திரும்பி வர மொத்தம் 36 மைக்ரோசெகண்ட் ஆச்சுன்னா, அதுல பாதி, 18 மைக்ரோசெகண்ட்தான் ஒருவழி, கனம் சுமார் 3 கிலோமீட்டர்.

விமானம் பறக்காத இடத்துல ஐஸ் நகர்ற வேகத்தை வச்சு கணக்கு போடுறாங்க. கிழக்கு அண்டார்டிகாவுல டென்மன் பனியாறுக்கு அடியில பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்குக் கீழ சுமார் 3,500 மீட்டர் இறங்குதுன்னு 2019-ல அப்படித்தான் தெரிஞ்சுது. உள்பக்கமா சரியுற பள்ளம் அது, சூடான கடல்தண்ணி உள்ள நுழைஞ்சா தடுக்க மேடு கிடையாது, அதான் கவலையா இருக்கு.