டான்சில் ஆபரேஷனுக்குப் பின் காது வலிப்பது ஏன்?

கேள்வி: மகனுக்கு 8 வயது. டான்சில் எடுத்து ஆறு நாளாகிறது. தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, காதும் வலிக்கிறதாம். சீழ் பிடித்துவிட்டதா?

பதில்: சீழ் அல்ல, புண் ஆறும்போது படியும் ஏடு. சுரண்டாதீர்கள்; இரண்டு வாரத்துக்குள் தானே உதிரும். அதுவரை வாய் நாறத்தான் செய்யும். டான்சில் குழிக்கும் நடுக்காதுக்கும் ஒரே நரம்பு போவதால்தான் காது வலி. சொட்டு மருந்து வீண்.

வலிக்குப் பயந்து விழுங்காமலிருந்தால் தொண்டை காய்ந்து வலி கூடும். டாக்டர் எழுதிய பாரசிட்டமாலைக் கொடுத்து, அரை மணி கழித்துக் குழைந்த தயிர்சாதம் ஊட்டுங்கள். ரசம் எரியும். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

5 முதல் 10ஆம் நாள் வரை கவனம் தேவை. தூக்கத்தில் அடிக்கடி விழுங்கினால் டார்ச் அடித்துப் பாருங்கள், ரத்தம் கசியலாம். சிவப்பாகத் துப்பினால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.