கார் கேள்வி-பதில்: காசு முதலில் டயருக்கு, அப்புறம்தான் வீலுக்கு

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: ஓட்டுவதற்குச் சுகமான கார் கையில் இருக்கிறது, காசு மட்டும் அளவோடுதான் இருக்கிறது, வீலும் டயரும் எப்படித் தேர்ந்தெடுப்பது? மூன்றையும் சேர்த்தே போட்டிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, செகண்ட் ஹேண்டில் 2013 சயான் எஃப்ஆர்-எஸ் வாங்கியிருக்கிறேன், மேனுவல் கியர். வீல், டயர் இரண்டுக்கும் சேர்த்து என்னிடம் இருப்பது 2,000 டாலர். பிரபலமான ஜப்பான் வீல் ஒன்றின் அச்சு அசலான நகல், 18 இஞ்ச், தங்க நிறம், 1,200 டாலருக்குக் கிடைக்கிறது. மீதியில் 225/40 டயர் போட்டுக்கொள்ளலாமா? குளிர்காலத்திலும் இதே காரில்தான் வேலைக்குப் போக வேண்டும்.
— வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன், அந்தத் தங்க நிற வீல் வேண்டாம். 1,200 அதற்கே போய்விட்டால் நாலு டயருக்கு மிஞ்சுவது 800. அதில் பொருத்துக் கூலியும் வரியும் போக 18 இஞ்சில் நல்ல டயர் வாங்குவது கஷ்டம், பனி விழ ஆரம்பிக்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.

உங்கள் கார் என்ன கார் என்று முதலில் பாருங்கள். டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட், சயான் எஃப்ஆர்-எஸ் மூன்றும் பெயரில்தான் வேறு. டெட்சுயா டாடா என்ற டொயோட்டா இன்ஜினீயரின் தலைமையில் சுபாருவோடு சேர்ந்து உருவாக்கிய கார் இது. 200 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர் டார்க், எடை ஏறக்குறைய 1,250 கிலோ. இதற்குத் தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய டயர் 215/45 ஆர்17 அளவில் (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், வீல் 17 இஞ்ச்) மிஷெலின் பிரைமஸி எச்பி, அதாவது டொயோட்டாவின் ப்ரியஸ் ஹைபிரிட் காரிலும் வந்த சாதாரண டயர். காசு மிச்சம் பிடிக்கச் செய்ததல்ல, யோசித்துச் செய்தது. பிடிப்பு குறைவாக இருந்தால், சாதாரண வேகத்திலேயே வளைவில் கார் மெல்ல நழுவுவதும் ஸ்டியரிங்கில் அதைப் பிடித்துத் திருப்புவதும் ஓட்டுபவருக்குத் தெரியும். அந்த உணர்வுக்காகவே செய்த காரில் அகலமான டயரும் கனமான 18 இஞ்ச் வீலும் ஏற்றினால் வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் கார் மந்தமாகிவிடும். வீலின் ஓரத்தில் எடை கூடக் கூட வண்டி கிளம்புவதற்கும் நிற்பதற்கும் அதிகம் உழைக்க வேண்டும், மேடுபள்ளத்தில் ஷாக் அப்சார்பர் திணறும். 200 குதிரைத்திறன் காரில் இது நன்றாகவே தெரியும்.

குழியையும் யோசியுங்கள். 215/45 ஆர்17 டயரின் பக்கச்சுவர் உயரம் 97 மி.மீ., 225/40 ஆர்18-இல் 90. ஏழு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். மார்ச் மாதம் பனி உருகி, உறைந்து, மறுபடி உருகி டொரொண்டோ ரோடுகள் பெயர்ந்து கிடக்கும்போது அந்த ஏழு மில்லிமீட்டர்தான் ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவில் இருக்கும். மலிவான நகல் வீல் வளைந்தால்கூட நிமிர்த்தலாம், விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். எந்த வீல் வாங்கினாலும் ஸ்போக்கின் பின்பக்கம் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற முத்திரைகளைத் தேடுங்கள். ஜேடபிள்யூஎல் என்பது ஜப்பானின் தரநிலை, தயாரிப்பாளரே சோதித்துப் போட்டுக்கொள்வது. விஐஏ என்பது வெளி அமைப்பு தனியாகச் சோதித்ததற்கான அடையாளம். நகல் வீலில் இந்த எழுத்துகளையும் சேர்த்தே வார்த்துவிடுவதுண்டு, அதனால் முத்திரையை மட்டும் நம்பாமல், தயாரித்தவர் யார், எவ்வளவு எடை தாங்கும் என்பதையும் கேளுங்கள்.

சரி, 2,000 டாலரை என்ன செய்யலாம்? காரோடு வந்த 17 இஞ்ச் வீல் நேராக இருக்கிறதா என்று பேலன்சிங் மெஷினில் சுற்ற விட்டுப் பாருங்கள். நேராக இருந்தால் அதே வீலில், அதே 215/45 அளவில், நல்ல கம்பெனியின் கோடைக்கால டயர். இதற்கு 900 டாலர் அளவில் ஒதுக்குங்கள். பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். 200 என்றால் பிடிப்பு அபாரம், ஆனால் சீக்கிரம் தேயும். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு 300-ஐ ஒட்டி இருப்பதே தோது.

குளிர்காலத்துக்கு இரண்டாவது செட் பழையதாக வாங்கலாம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உங்கள் காரில் ஐந்து போல்ட், 100 மி.மீ. வட்டம். அதே 5×100 ப்ரியஸிலும் உண்டு, காரும் டொயோட்டா குடும்பம், அதனால் ப்ரியஸ் வீல் உட்காரும் என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். உட்காராது. ப்ரியஸ் வீலின் நடு ஓட்டை 54.1 மி.மீ., உங்கள் ஹப் (வீல் மாட்டும் அச்சு முனை) 56.1 மி.மீ., ஏனென்றால் அடியில் இருப்பது சுபாருவின் ஹப். நட்டும் அப்படித்தான்: டொயோட்டாவின் வழக்கமான 12×1.5 (ஸ்டட் தடிமன் × புரி இடைவெளி, மி.மீ. கணக்கில்) அல்ல, சுபாருவின் 12×1.25. தவறான நட்டை ஏர் கன் வைத்து இறுக்கினால் ஸ்டட் புரி போய்விடும், ஆகவே முதல் சில சுற்று கையால் போடுங்கள், லேசாக ஏறாவிட்டால் அந்த நட் வேண்டாம். நீங்கள் தேட வேண்டியது பழைய சுபாரு இம்ப்ரெஸாவின் 16 இஞ்ச் வீல், 5×100, நடு ஓட்டை 56.1. ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற அளவு) 48-இலிருந்து 55-க்குள் இருக்கட்டும். உங்கள் ஒரிஜினல் 48. வெளியே துருத்த வேண்டும் என்பதற்காக 35 ஆஃப்செட் போட்டால் வீல் பேரிங்குக்குத்தான் தண்டனை. காசு கொடுக்கும் முன் டயர் இல்லாத வெறும் ரிம்மை முன் ஹப்பில் மாட்டிச் சுற்றிப் பாருங்கள், பிரேக் காலிபரை ஸ்போக் உரசக் கூடாது.

அந்த 16 இஞ்சுக்கு 205/55 ஆர்16 டயர். ஜப்பானில் விற்ற 86-இன் கீழ் மாடல் ஒன்றில் இதே அளவுதான் வந்தது. ஒரிஜினலைவிட விட்டம் ஒரு சதவீதம் மட்டுமே கூடும், ஸ்பீடோமீட்டர் குழம்பாது. ஊரில் பாதிக் கார்களுக்கு இந்த அளவு என்பதால் விலையும் இறங்கி வரும். டயரில் மலையும் அதற்குள் பனிப்படிகமும் போட்ட சின்னம் இருக்க வேண்டும், எம்+எஸ் (சேறு, பனி) எழுத்து மட்டும் போதாது. கோடைக்கால டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். பின் சக்கரம் ஓட்டும் காரில் அதோடு பனியில் இறங்குவது உயிரோடு விளையாடுவது, தயவுசெய்து செய்யாதீர்கள். இன்னொன்று: ஒன்டாரியோவில் நாலு குளிர்கால டயர் போட்டிருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும், 2016 ஜனவரியிலிருந்து அதுதான் விதி. ரசீதை வைத்துக் கேட்டு வாங்குங்கள்.

மிச்சக் காசில் வீல் அலைன்மென்ட். குளிர் இறங்கியதும் காற்றும் பாருங்கள், 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ இறங்கிவிடும்.

கேள்வி: சார், என்னுடையது 2014 போலோ ஜிடி டிஎஸ்ஐ. 15 இஞ்ச் வீலைக் கழற்றிவிட்டு 17 போட்டால் ஸ்போர்ட்ஸ் கார் லுக் வந்துவிடும், பழைய போல்ட்டையே போட்டுக்கொள்ளலாம் என்கிறார் வீல் கடைக்காரர். பட்ஜெட் 40,000 ரூபாய். எப்போதாவது இங்குள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கவும் ஆசை.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பழைய போல்ட் போதும் என்று சொன்ன கடையில் வீல் வாங்காதீங்க. ஃபோக்ஸ்வேகனின் ஒரிஜினல் போல்ட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பாருங்க, வீலில் உட்காரும் இடம் உருண்டையாக இருக்கும். வெளியில் விற்கும் அலாய் வீல்களில் அந்தக் குழி பெரும்பாலும் கூம்பு வடிவம். உருண்டை போல்ட் கூம்புக் குழியில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் தொடும். எவ்வளவு இறுக்கினாலும் ஓட ஓடத் தளரும். கூம்பு போல்ட் தனியாக வாங்க வேண்டும், நீளமும் சரியாக இருக்க வேண்டும்.

ஆனால் உங்களுக்கு வீலே தேவையில்லை. 15 இஞ்ச் அலாயை வைத்துக்கொண்டு 185/60-க்குப் பதில் 195/55 ஆர்15 போடுங்க, விட்டம் ஒன்றேகால் சதவீதம்தான் குறையும். லோடு எண் (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறியீடு) பழைய டயருக்குக் குறையாமல் இருக்கட்டும், ஐஎஸ்ஐ முத்திரை இருக்கட்டும். 2020 ஜூனிலிருந்து டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருப்பதால் ஆசைப்பட்ட மாடல் கிடைக்காமல் போகலாம், அதற்காகக் கடை மூலையில் நாலு வருஷமாகக் கிடக்கும் பழைய ஸ்டாக்கை வாங்கிவிடாதீங்க. மிச்சக் காசில் ட்ராக்குக்குப் போகும் முன் பிரேக் ஆயில் மாற்றி, பேடையும் பார்த்துவிடுங்க.

கேள்வி: அண்ணா, 2008 மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். வார இறுதியில் மட்டும்தான் எடுப்பேன். பார்ட்-வோர்ன் டயர் (ஏற்கெனவே ஓடிக் கொஞ்சம் தேய்ந்த பழைய டயர்) ஒன்று 25 பவுண்டுக்குக் கிடைக்கிறது. குறைந்த ஓட்டத்துக்கு அது போதாதா?
— வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: போதாது அம்மா. பிரிட்டனில் பார்ட்-வோர்ன் விற்பது சட்டப்படி சரிதான். 2 மி.மீ. பட்டன் (டயரின் வரிப்பள்ள ஆழம்) இருக்க வேண்டும், பார்ட்-வோர்ன் என்று டயரில் முத்திரை இருக்க வேண்டும். ஆனால் ரோட்டில் சட்ட எல்லையே 1.6 மி.மீ., ஆக 2 மி.மீ. டயர் வாங்கினால் உங்கள் கைக்கு வருவது 0.4 மி.மீ. மட்டும். எல்லைக்குக் கீழே போனால் ஒரு டயருக்கு 2,500 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் 3 புள்ளி. வார இறுதிக் காருக்கு இன்னொரு தொல்லை, டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள்: 1417 என்றால் 2017-ஆம் ஆண்டின் 14-வது வாரம் செய்தது. வரிப்பள்ளத்தின் அடியில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் எத்தனை மில்லிமீட்டர் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். உங்கள் கார் 17 இஞ்ச் என்றால் 205/45, 16 என்றால் 205/50. காசு குறைவாக இருந்தால் இந்த மாதம் பின் அச்சுக்கு இரண்டு புதுசு, இரண்டு மாதம் கழித்து அதே மாடலில் முன்னுக்கு இரண்டு என்று வாங்குங்கள். ஒரே அச்சில் புதுசும் பழசும் கலக்க வேண்டாம்.