பொன்மழைக்கு எத்தனை பொருள்?

கேள்வி: மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் வரைந்த கிரேக்கப் புராணக் காட்சிகளில் ஆழ்ந்த தத்துவம் இருப்பதாக விமர்சகர்கள் அளக்கிறார்களே, ஆடையில்லாத பெண்களை வரைய அது ஒரு சாக்கு, அவ்வளவுதானே?

பதில்: சில படங்களுக்கு அவ்வளவுதான். எல்லாப் படங்களுக்கும் அதையே சொன்னால், நீங்கள் கிண்டல் செய்யும் விமர்சகர்களைப் போல நீங்களும் படத்தைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

டனாயே கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பேரன் கையால்தான் சாவு என்று குறி கேட்ட ராஜா, மகள் டனாயேவைப் பூட்டி வைக்கிறான். தேவர்களின் தலைவன் ஜூபிட்டர் பொன்மழையாக உள்ளே இறங்க, பெர்சியூஸ் பிறக்கிறான். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கஸ் தெ ரெட்சா என்ற டொமினிகன் துறவி இதை வைத்தே வாதாடினார்: பொன்மழையால் டனாயே கருவுறலாம் என்றால், பரிசுத்த ஆவியால் மரியாள் கருவுறக் கூடாதா? இதில் டனாயே கன்னிமைக்கு உருவகம். யான் கோசார்ட் 1527-இல் வரைந்து இப்போது மியூனிக்கில் இருக்கும் டனாயேவும், படங்களில் வழக்கமாக மரியாள் உடுத்தும் நீல உடையில்தான் இருக்கிறாள். தங்கத்தைக் காட்டினால் எந்தப் பூட்டும் திறக்கும் என்று இதே கதைக்கு நேர் எதிராகப் பொருள் சொன்னவர்களும் உண்டு.

சரி, வெனிஸ் ஓவியர் டிஷியனுக்கு வருவோம். கர்தினால் அலெஸாண்ட்ரோ ஃபர்னேசேவுக்காக அவர் வரைந்த டனாயேவைப் பார்த்துவிட்டு, வெனிஸிலிருந்த போப்பின் தூதர் ஜொவான்னி தெல்லா காசா 1544-இல் கர்தினாலுக்குக் கடிதம் எழுதினார். டிஷியன் முன்பு வரைந்த நிர்வாண வீனஸ் இவளுக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரி மாதிரி தெரிவாளாம்! (இவர்தான் நன்னடத்தை பற்றி நூல் எழுதிப் பெயர் வாங்கியவர்.) தத்துவம் பற்றி மூச்சே இல்லை. இந்தப் படத்துக்கு உங்கள் கட்சி ஜெயிக்கிறது.

ஆனால் அதே டிஷியன் அப்புறமும் டனாயேவை வரைந்தார். நேப்பிள்ஸில் இருக்கும் அந்த முதல் படத்தில் கட்டிலருகே குட்டி மன்மதன் நிற்கிறான். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள படத்தில் அவனை எடுத்துவிட்டு, இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு வேலைக்காரக் கிழவியை உட்கார வைத்திருக்கிறார். டனாயே தலையைச் சாய்த்து மேலே பார்க்கிறாள்; கிழவியோ முந்தியை விரித்துக் காசு பிடிக்கிறாள். ஒரே மழை ஒருத்திக்குக் காமம், இன்னொருத்திக்கு வரும்படி. வெறும் உடம்பைக் காட்டத்தான் படம் என்றால் அந்தக் கிழவிக்கு அங்கே வேலையே இல்லை.